ஒரே நோய், ஒரு நாட்டில் 1.4 சதவீதம், இன்னொரு நாட்டில் 26 சதவீதம்: எப்படி?

அரசலாற்றுப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். நான் கும்பகோணம் பக்கம், எம்.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. துறையில் ஒரு செமினார் எடுக்க வேண்டும், தலைப்பு நானே கேட்டு வாங்கியது: கொரோனாவின் ஆரம்பத்தில் ஒவ்வொரு நாடும் வெளியிட்ட நோயாளிகள் விவரம். யார் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், என்ன வயது, கூட என்ன நோய் இருந்தது, கடைசியில் என்ன ஆனார்கள், இவ்வளவுதான். உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததும் முழிக்கிறேன்.

சீனாவிலிருந்து 2020 பிப்ரவரி கடைசியில் வந்த கட்டுரையில் 552 மருத்துவமனைகள், 1,099 நோயாளிகள், இடைநிலை வயது (பாதிப் பேர் இதற்குக் கீழ், பாதிப் பேர் இதற்கு மேல்) 47, இறந்தவர்கள் 1.4 சதவீதம். பிரிட்டனிலிருந்து அதே வருடம் மே மாதம் வந்ததில் 208 மருத்துவமனைகள், 20,133 நோயாளிகள், இடைநிலை வயது 73, இறந்தவர்கள் 26 சதவீதம். இரண்டுமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் கணக்கு. வயது வித்தியாசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதற்காகப் பதினெட்டு மடங்கா? வைரஸ் அதே வைரஸ்தானே.

இன்னொன்று. எங்கள் மாமா ஒருவர், எதைப் பேசினாலும் கடைசியில் "போனவங்க எல்லாம் சுகர், பிரஷர் இருந்தவங்கதான், நல்ல உடம்புக்காரனை அது ஒண்ணும் பண்ணலை" என்று முடித்துவிடுவார். தமிழ்நாடு அரசு அப்போது தினமும் விட்ட அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். இறந்த ஒவ்வொருவருக்கும் வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், என்றைக்குச் சேர்ந்தார், என்றைக்கு இறந்தார், ஏற்கெனவே என்ன நோய் என்று பெயர் மட்டும் இல்லாமல் எல்லாம் போட்டிருக்கிறார்கள். வரிசையாகப் படித்தால் மாமா சொல்வது சரி போலத்தான் இருக்கிறது. அவரிடம் தோற்கவும் மனசில்லை.

கணக்குத் தெரிந்தவர்களும், தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் அப்போது வார்டில் இருந்தவர்களும் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

நீடாமங்கலத்தான்

மருத்துவப் புள்ளிவிவரம்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சீனக் கட்டுரையில் இறந்தவர்கள் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்கள் இருக்கும், பாருங்கள். இறந்தவர்கள் 15. குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் 55. மீதி 1,029 பேர், அதாவது 93.6 சதவீதம், கணக்கை மூடிய அன்றைக்கு இன்னும் படுக்கையில்தான் இருந்தார்கள். 15-ஐ 1,099-ஆல் வகுத்தால் 1.4 வருகிறது. ஆனால் அந்த 1,029 பேர் என்ன ஆனார்கள் என்பது கட்டுரை எழுதியவர்களுக்கே அன்றைக்குத் தெரியாது. நடவு முடிந்த பத்தாம் நாள் வயல் வரப்பில் நின்றுகொண்டு ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை நெல் என்று சொல்வது போல.

சரி, முடிவு தெரிந்தவர்களை மட்டும் எடுப்போம் என்றால் 15 + 55, ஆக 70 பேர். அதில் 15 என்றால் 21 சதவீதத்துக்கு மேல் போய்விடும்! அதுவும் தப்புதான். தீவிரமானவர்களுக்குச் சீக்கிரம் முடிவு தெரிந்துவிடும், லேசாக இருந்தவர்களை அப்போது டெஸ்ட் இரண்டு முறை நெகட்டிவ் வரும்வரை வெளியே விடமாட்டார்கள். ஒரே அட்டவணையிலிருந்து 1.4 என்றும் சொல்லலாம், 21 என்றும் சொல்லலாம், இரண்டிலும் பெருக்கல் வகுத்தலில் ஒரு குறையும் கிடையாது. செமினாரில் இதை முதல் ஸ்லைடாகப் போடுங்கள், தூங்குகிற ஆள்கூட எழுந்துவிடுவார்.

பிரிட்டன் கணக்கிலும் இதே சங்கதி உண்டு, கொஞ்சம் குறைவாக. அங்கே 26 சதவீதம் இறந்தார்கள், 41 சதவீதம் வீட்டுக்குப் போனார்கள், 34 சதவீதம் இன்னும் சிகிச்சையில். அந்த 26-உம் கடைசி எண் அல்ல.

இதைச் சரியாகச் சொல்லாததால் வந்த கூத்துக்கு நியூயார்க் உதாரணம். 2020 ஏப்ரலில் 12 மருத்துவமனைகள், 5,700 நோயாளிகள் என்று ஒரு கட்டுரை வந்தது. வென்டிலேட்டரில் வைத்தவர்களில் 88 சதவீதம் பேர் இறந்தார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. நம் ஊர் வாட்சப்பிலும் வந்திருக்கும். உண்மையில் வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்கள் 1,151 பேர். இறந்தவர்கள் 282, வீட்டுக்குப் போனவர்கள் 38, இன்னும் உள்ளே இருந்தவர்கள் 831. முடிவு தெரிந்த 320 பேரில் 282 என்றால் 88, மொத்தத்தில் 282 என்றால் 24.5. பிறகு கட்டுரையையே திருத்தி விளக்கம் போட்டார்கள், ஆனால் திருத்தம் யார் வாட்சப்பில் வரும்? டியூப் போட்டால் செத்துவிடுவார் என்று பிறகு எத்தனை குடும்பங்கள் கையெழுத்துப் போட மறுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, யாரை உள்ளே சேர்த்தார்கள் என்பது. சீனாவில் ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது வைத்தியத்துக்கு மட்டுமல்ல, மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கவும்தான். அந்த 1,099 பேரில் சேரும்போது காய்ச்சல் இருந்ததே 43.8 சதவீதம் பேருக்குத்தான். ஐ.சி.யூ.வுக்குப் போனவர்கள் 5 சதவீதம். பிரிட்டனில் இருமலும் காய்ச்சலும் வந்தால் வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார்கள், மூச்சு வாங்கியவர்கள்தான் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தார்கள். நம் ஊரிலும் 2020 ஏப்ரலில் பாசிட்டிவ் என்றாலே ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனதே, ஒரு தும்மல்கூட இல்லாதவர்களையும். அந்த நேரத்துத் தமிழ்நாட்டு "சேர்க்கப்பட்டவர்கள்" கணக்கையும் லண்டன் கணக்கையும் ஒரே வரைபடத்தில் போட்டால் என்ன தெரியும்? சேர்க்கும் விதி வேறு என்பது தெரியும், வைரஸைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மாமா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், வேலை அழைக்கிறது.

ஊர்க்காவலன்_75

கணக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம் என்றுதான் தெரிகிறது. மாமா சொன்னதில் என்ன தவறு என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் போனவர்கள் எல்லோரும் சுகர் பேஷண்ட்தான், கண்ணால் பார்த்தது. அதற்கு மேல் என்ன ஆராய்ச்சி?

வார்டு_சிஸ்டர்

காவிரி டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். எது என்று கேட்காதீர்கள். இரண்டு அலையிலும் கொரோனா வார்டில்தான் டூட்டி. மேலே சார் எழுதிய வகுத்தல் எனக்குப் பாதிதான் பிடிபட்டது, ஆனால் அந்தக் கணக்குக்குப் போகிற கேஸ் ஷீட் எங்கள் கையால் எழுதியது. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நான் சொல்கிறேன்.

2021 மே மாதம். மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்குப் பாசிட்டிவ் வந்த சமயம். ஆம்புலன்சிலிருந்து இறக்கும்போது ஆக்ஸிமீட்டரில் 72, 68 என்று காட்டும். கூட வந்தவரை உள்ளே விட முடியாது. நோயாளியால் ஒரு வார்த்தை பேச முடியாது. "ஐயா சுகர் இருக்கா, பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினால் அவர் கையை ஒரு ஆட்டு ஆட்டுவார். அது இல்லை என்று அர்த்தமா, தெரியாது என்று அர்த்தமா, ஆளை விடு என்று அர்த்தமா? தாளில் "இல்லை" என்று ஏறிவிடும். ஏனென்றால் தாளில் ஆம், இல்லை இரண்டுக்கும்தான் இடம்.

சுகர் என்று எழுதியதிலும் மூன்று விதம் உண்டு. பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர். தனக்குச் சுகர் இருப்பதே தெரியாமல் வயலில் வேலை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, எங்களிடம் வந்த அன்றைக்கு ரத்தம் எடுத்ததில் 380 என்று தெரிந்தவர் இன்னொருவர். மூன்றாவது, காய்ச்சல் வந்த முதல் நாளே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு அதனாலேயே சுகர் ஏறி வந்தவர். மூன்று பேரும் தாளில் ஒரே "நீரிழிவு". இந்த மூன்றாவது ரகம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். டெக்ஸாமெத்தசோன் நல்ல மருந்து, உயிரைக் காப்பாற்றிய மருந்து. 2020 ஜூனில் முடிவு வந்த பிரிட்டனின் பெரிய சோதனையில் தினம் 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்ததில் வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்ஸிஜன் வைத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்றும் அதே சோதனைதான் சொன்னது. அந்தக் கடைசி வரி மட்டும் ஊருக்கு வந்து சேரவில்லை. பிறகு கறுப்புப் பூஞ்சை வந்தபோது முகம் வீங்கி வந்தவர்களில் பலரும் சுகர் கன்னாபின்னாவென்று ஏறியவர்கள்.

எடை எழுதினோமா? இல்லை. மூச்சு விட முடியாதவரை எடை மெஷினில் எப்படி நிறுத்துவது? அமெரிக்கக் கட்டுரைகளில் உடல் பருமன் இத்தனை சதவீதம் என்று இருக்கும், எங்கள் தாள்களை வைத்து எழுதினால் அந்த இடம் காலியாக இருக்கும். அதற்காகக் காவிரிக்கரையில் குண்டானவர்களே கிடையாது என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு, இது கொஞ்சம் கசப்பு. பல பேர் எங்களிடம் முதலில் வரவில்லை. டவுனில் ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் படுத்திருப்பார்கள். அங்கே ஆக்ஸிஜன் போதாமல் போனதும், அல்லது கையில் காசு தீர்ந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக இங்கே எழுதி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் மதியம் அவர் இறந்தால் எங்கள் கணக்கில் ஒரு சாவு, "சேர்ந்து ஒரே நாளில்". அங்கே அவர் "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்", அவர்கள் ஏட்டில் சாவு இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் வரவேண்டும் என்று ஊர் சொன்னது இதனால்தான். நாங்கள் காப்பாற்றி அனுப்பியவர்களும் ஏராளம், அவர்கள் யாரும் டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சொல்வதில்லை.

பொண்ணு, உனக்கு ஒரு யோசனை. சேர்ந்த தேதியிலிருந்து கணக்கு ஆரம்பிக்காதே, காய்ச்சல் ஆரம்பித்த தேதி எங்கே இருக்கிறது என்று தேடு. அது இருந்தால்தான் யார் எவ்வளவு தாமதமாக வந்தார்கள் என்று தெரியும்.

நீடாமங்கலத்தான்

சிஸ்டர், பத்துக் கட்டுரை படித்தாலும் இது கிடைக்காது. நன்றி.

நீங்கள் சொன்ன தாமதத்துக்கு ஆதாரமே இருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரா இரண்டையும் வைத்து 2020-லேயே ஒரு பெரிய ஆய்வு வந்தது, 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த ஐந்தே முக்கால் லட்சம் பேர். இறந்தவர்களில் பாதிப் பேர் டெஸ்ட் எடுத்த ஒரு வாரத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து எண்ணினாலே கிட்டத்தட்ட இரண்டு வாரம். இங்கே நோய் வேகமாகக் கொன்றது என்று அதற்கு அர்த்தமில்லை, முற்றிய பிறகு வந்தார்கள் என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

இப்போது ஊர்க்காவலனுக்கும் மாமாவுக்கும். அதே ஆய்வில் இறந்தவர்களில் ஏறக்குறைய 63 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ஏதாவது ஒரு நோய் இருந்தது, 45 சதவீதத்துக்குச் சர்க்கரை. மாமா ஜெயித்தார் போலத் தெரிகிறதா? திருப்பிப் படியுங்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் கூட எந்த நோயும் பதிவாகவில்லை. அவர்களில் சிலர் சிஸ்டர் சொன்ன கையாட்டல் கேஸாக இருக்கலாம், அதைக் கழித்தாலும் "ஒண்ணும் பண்ணலை" என்று சொல்ல முடியாது.

அப்புறம் வயது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. இது இருபது வயதிலிருந்து எல்லோரையும் சேர்த்த எண். அறுபது தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் இதைவிட நன்றாகவே ஏறும், பிரஷரையும் சேர்த்தால் ஒன்றுமே இல்லாத அறுபத்தைந்து வயதுக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கொரோனா வயதானவர்களைக் கொன்றது. அந்த ஆந்திரா தமிழ்நாடு ஆய்வில் 5 முதல் 17 வயது வரை இறப்பு 0.05 சதவீதம், 85 தாண்டியவர்களில் 16.6. வயதானவர்கள் இறந்தால் அவர்களோடு சேர்ந்து அவர்களுடைய சர்க்கரையும் பிரஷரும் பட்டியலில் வரும். சர்க்கரைக்குத் தனியாகப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை, நிச்சயம் உண்டு, ஆனால் ஒரே வயதுள்ள இரண்டு பேரை, ஒருவருக்குச் சர்க்கரை உண்டு ஒருவருக்கு இல்லை என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரியும். தெருவில் இறந்தவர்களை மட்டும் எண்ணினால் தெரியாது. ஊர்க்காவலன், உங்கள் தெருவில் சுகர் இருந்தும் கொரோனா வந்து பிழைத்தவர்கள் எத்தனை பேர்? அதை எண்ணினீர்களா?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கே ஆரம்பத்தில் ஆச்சரியமாக இருந்தது. இங்கே இறந்தவர்களில் 75 தாண்டியவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அமெரிக்காவில் பாதிக்கும் மேல். நம் ஊரில் அந்த வயதுக்காரர்களே குறைவு என்பது ஒரு காரணம், அது மட்டுமே காரணமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் வாதம் உண்டு. பிரிட்டனின் 73-ஐயும் நம் எண்ணையும் ஒப்பிடும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

ஊர்க்காவலன்_75

பிழைத்தவர்களை எண்ணவில்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், அம்மாவும் பெரியப்பாவும், இருவருக்கும் சுகர். சரி விடுங்கள்.

கொள்ளிடக்கரை

நான் மயிலாடுதுறைக்காரன், ஆராய்ச்சி வேலையாகத் தென்கொரியாவில் சில வருடம் இருந்தேன். கேள்வி கொரோனா வைரஸ் பற்றி என்பதால் 2015-ல் அங்கே பரவிய மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோயையும் பாருங்கள், உங்கள் செமினாருக்கு இதைவிட நல்ல எதிர் உதாரணம் கிடைக்காது.

வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பிய 68 வயது ஆள் ஒருவர், மே 20-ஆம் தேதி உறுதியானது. அதற்குள் அவர் இருமிக்கொண்டே ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளுக்குப் போய் வந்துவிட்டார். கடைசியில் மொத்தம் 186 பேர், அதில் 38 பேர் இறந்தார்கள், ஐந்தில் ஒருவர். தனிமைப்படுத்தப்பட்டவர்கள் 16,000-க்கு மேல். இங்கே "இன்னும் சிகிச்சையில்" என்ற தொல்லையே இல்லை பாருங்கள், 186 பேரும் யார், பெரும்பாலும் எங்கே யாரிடமிருந்து தொற்றியது, என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவரையும் கடைசிவரை தொடர்ந்து எழுதிவிட்டார்கள். எண் சின்னது, ஆனால் முழுசு.

ஆனாலும் அந்த இருபது சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் தொற்று பரவியது ஏறக்குறைய முழுக்க ஆஸ்பத்திரிக்குள்ளேதான். ஏற்கெனவே வேறு நோய்க்காகப் படுத்திருந்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த சொந்தக்காரர்கள், டாக்டர் நர்ஸ். புற்றுநோய்க்கோ நுரையீரல் நோய்க்கோ படுத்திருந்த ஒருவருக்கு மெர்ஸ் வந்தால் அவர் இறப்பதும், துணைக்கு வந்த மகளுக்கு வந்தால் அவள் பிழைப்பதும் ஒரே பட்டியலில் இருக்கும். கொரியாவில் நோயாளி கூடவே குடும்பத்தார் ஒருவர் ராத்தங்குவது வழக்கம், கட்டிலுக்குக் கீழே சின்னப் படுக்கை இழுத்துப் போட்டுப் படுப்பார்கள். நம் ஜி.எச். வார்டைப் பார்த்தது போலவே இருக்கும், பாய் மட்டும்தான் வேறு. 2015-ல் அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு ஒரே பயம்தான்: கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் எத்தனை வீட்டில் ஆள் வளைகுடாவில் இருக்கிறார், இதில் ஒருவர் இருமிக்கொண்டு வந்து நம் ஜெனரல் வார்டில் படுத்தால் என்ன ஆகும் என்று. நல்லவேளை அப்போது வரவில்லை. 2020 மார்ச் 7-ல் தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி என்று அறிவித்தார்களே, அவர் ஓமனிலிருந்து வந்தவர்.

குறுவைக்காரன்

திருவாரூர் மாவட்டம், விவசாயம். படிப்பாளிகள் பேசும் இடத்தில் நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வராதவர்கள்?

2021 ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். ஊரடங்கு நடந்துகொண்டிருந்தது, ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்தால் நாற்றங்கால் யாருக்காகவும் காத்திருக்காது. எங்கள் பக்கம் நடவுக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டே நட்டார்கள். டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ் வரும், வந்தால் வீட்டில் தகரம் அடிப்பார்கள், பதினான்கு நாள் கூலி போகும், குறுவை நடவே அவ்வளவு நாள்தான். யார் எடுப்பார்கள்? கஷாயம், பாராசிட்டமால், அவ்வளவுதான். அவர்களில் பெரும்பாலோர் எழுந்து நடமாடினார்கள். ஒருவர் இருவர் வீட்டிலேயே போனார்கள். பிழைத்தவர்களும் உங்கள் கணக்கில் இல்லை, போனவர்களும் இல்லை.

எங்கள் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர், டெஸ்ட் நெகட்டிவ், ஸ்கேனில் நுரையீரல் முழுக்க வெள்ளை. மூன்றாம் நாள் போய்விட்டார். சான்றிதழில் கொரோனா இல்லை, நிமோனியா. பிறகு 50,000 ரூபாய் நிவாரணம் வந்தபோது அதற்காக அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதைத் தனித் திரியாகத்தான் எழுத வேண்டும்.

நீடாமங்கலத்தான்

குறுவைக்காரன் அண்ணே, படிப்பாளிகள் கடைசியாகத்தான் வந்து சேர்ந்த இடத்தில் நீங்கள் நேரே வந்து நிற்கிறீர்கள். 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலம் முழுக்க ரத்தம் எடுத்து எதிர்ப்பு சக்தி பார்த்தார்கள். 31.5 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது, கிராமத்தில் மட்டும் எடுத்தால் 26.9. நமக்கு அருகிலுள்ள பெரம்பலூரில் 51, நீலகிரியில் 11. மாநில அளவில் பார்த்தால் இரண்டு கோடி பேருக்கு மேல். அந்த நவம்பர் கடைசியில் டெஸ்ட் எடுத்து உறுதியானவர்கள் எவ்வளவு? ஏழே முக்கால் லட்சம் சொச்சம். மீதி எல்லாம் உங்கள் நடவுக்காரப் பெண்கள் மாதிரிதான்.

அதற்காக உண்மையான இறப்பு விகிதம் மிகமிகக் குறைவு என்று துள்ள வேண்டாம், வகுத்தலில் மேலே போடும் எண்ணும், அதாவது சாவு எண்ணிக்கையும், குறைந்துதான் பதிவாகியிருக்கிறது. சென்னையில் மட்டும் விட்டுப்போன 444 சாவுகளை 2020 ஜூலையில் ஒரே நாளில் சேர்த்தார்கள், நினைவிருக்கும். நாடு முழுக்க அரசுக் கணக்கில் ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர், 2020, 2021 இரண்டு வருடத்துக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் சொன்ன மதிப்பீடு 47 லட்சம், இந்திய அரசு அதை ஏற்கவில்லை. உங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

அரசலாற்றுப்பெண்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. செமினாரை மாற்றிவிட்டேன். நாடுகளை வரிசையாக வைத்து ஒப்பிடும் பெரிய அட்டவணையைத் தூக்கிவிட்டு, நான்கே ஆய்வுகள், ஒவ்வொன்றுக்கும் யாரைச் சேர்த்தார்கள், எந்தத் தேதியில் கணக்கை மூடினார்கள், அன்றைக்கு எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று மட்டும் போடப் போகிறேன். மெர்ஸ் கடைசியில்.

இரண்டு சந்தேகம். அரசு அறிக்கைகளில் உள்ள சாவு விவரங்களை வைத்து மட்டும், அதாவது பிழைத்தவர்கள் விவரம் இல்லாமல், ஏதாவது செய்ய முடியுமா? சிஸ்டர் அக்கா, பழைய கேஸ் ஷீட்டுகளைப் பார்க்க என்னைப் போன்ற ஒருத்திக்கு அனுமதி கிடைக்குமா? புராஜெக்டுக்கு எடுக்கலாம் என்று ஒரு ஆசை.

நீடாமங்கலத்தான்

செய்யலாம், ஆனால் ஆபத்துக் காரணிகள் என்று தலைப்பு வைக்காதீர்கள். இறந்தவர்கள் மட்டுமே இருக்கும் பட்டியலிலிருந்து எது கொன்றது என்று சொல்ல முடியாது. சேர்ந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் நடுவே எத்தனை நாள், அது மாதத்துக்கு மாதம், சென்னைக்கும் டெல்டாவுக்கும் எப்படி மாறியது என்று பார்க்கலாம், அது நல்ல கேள்வி. கூட நோய் ஒன்றும் குறிப்பிடாதவர்களை "இல்லை" என்று போடாமல் "பதிவில்லை" என்று தனிக் கட்டத்தில் போடுங்கள். ஏன் இப்படி என்று உங்கள் வழிகாட்டி கேட்டால் சிஸ்டர் எழுதியதைக் காட்டுங்கள்.

வார்டு_சிஸ்டர்

நேராக வந்து கேட்டால் கொடுக்க மாட்டார்கள்மா, கொடுக்கவும் கூடாது. மெடிக்கல் காலேஜில் சமூக மருத்துவத் துறையில் ஒரு டாக்டரைக் கூட்டு வழிகாட்டியாகப் பிடி. அவர் மூலமாக எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதி, டீன் அனுமதி வாங்கி, பெயர், விலாசம் எதுவும் எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். நேரம் எடுக்கும், இப்போதே ஆரம்பித்துவிடு. 2021 மே, ஜூன் கட்டுகளைப் பிரிக்கும்போது கவனம், சில தாள்களில் சானிடைசர் பட்டு மை கரைந்திருக்கும், அவசரத்தில் பென்சிலில் எழுதியதும் உண்டு. கையெழுத்துப் புரியாவிட்டால் போட்டோ எடுத்து இங்கே போட்டுவிடாதே, அங்கேயே பழைய சிஸ்டர் யாரையாவது கேள். எங்கள் கையெழுத்து எங்களுக்குத்தான் புரியும்.